ஆற்றங்கரைக் கூடாரமும் மாமியாரின் அச்சமும்

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வசிக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5 வயது. என் கணவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து, இரு குடும்பங்களும் குவாடலூப் ஆற்று மாநிலப் பூங்காவில் இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்கத் திட்டமிடுகிறார்கள். நண்பரின் வீட்டில் நால்வர். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் மாமியார், "ஆத்தங்கரையில பிள்ளைகளைப் படுக்க வைக்காதீங்க" என்று உறுதியாகச் சொல்கிறார். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நேரில் பார்த்தவர் அவர். 2025 ஜூலையில் இதே குவாடலூப் ஆற்றில் நடந்ததை நினைத்தால் எனக்கும் கலக்கமாக இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலியும் உண்டு. தவிரவும், இப்படிப்பட்ட பயணங்களில் சமையல் வேலை முழுவதும் என் தலையில்தான் விழுகிறது. போகலாமா, வேண்டாமா?
ஒரு வாசகி, ஆஸ்டின்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம் என்பதே என் பதில். ஆனால் உங்கள் மாமியாரின் சொல்லை ஏற்றுக்கொண்டு, அதன்படி திட்டத்தை மாற்றிய பிறகு போக வேண்டும். அவருடைய சொற்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆற்றுக்கே போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை; கரையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார். பகல் முழுவதும் ஆற்றோடு இருந்துவிட்டு, இரவில் மேட்டு நிலத்தில் உறங்குவது என்று முடிவு செய்தால், உங்கள் கணவரின் ஆசையும் அத்தையின் எச்சரிக்கையும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை.

அவருடைய அச்சம் முதுமையின் வீண் கவலை அன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய டெக்சாஸின் மலைப்பாங்கான இந்தப் பகுதியைத் திடீர் வெள்ளத்தின் பாதை என்ற பொருளில் 'ஃபிளாஷ் ஃபிளட் ஆலி' என்றே அழைக்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பால்கோனஸ் என்ற மேட்டுச் சரிவை ஒட்டி மேலெழும்பிச் சில மணி நேரத்துக்குள் பெருமழையாகக் கொட்டிவிடும். சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய மண் படிந்திருக்கும் நிலம் என்பதால், பெய்த நீர் உள்ளே இறங்காமல் சரிவுகளில் வழிந்தோடி ஓடைகளில் சேருகிறது. 2025 ஜூலை 4 அன்று கெர் மாவட்டத்தில் குவாடலூப் ஆறு 45 நிமிடங்களில் சுமார் 26 அடி உயர்ந்ததாக மாநில அரசு தெரிவித்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் இருந்த சிறுமியர் முகாம் ஒன்றில் மட்டும் குறைந்தது 27 பேர் இறந்தார்கள். 1987 ஜூலையில் கம்ஃபர்ட் என்ற ஊருக்கு அருகே, முகாமிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வாகனம் இதே ஆற்றின் வெள்ளத்தில் சிக்கிப் பத்து பேர் உயிரிழந்தார்கள். மலையில் பெய்யும் மழை, கீழே கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமலேயே அவரை வந்து சேரும் என்பது பொதிகை மலை அடிவாரத்தில் வாழ்ந்தவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் அன்று. இந்தக் குடும்பத்தில் ஆற்றை அறிந்தவர் அவர்தான் என்று உங்கள் கணவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது இடத்துக்கு வருவோம். நீங்கள் போக நினைக்கும் பூங்காவில் பகல்நேரத்துக்கான ஆற்றங்கரைப் பகுதியும் இரவு தங்கும் இடங்களும் தனித்தனியாக இருப்பது உங்களுக்குச் சாதகமானது. கரையோரம் முழுவதும் சைப்ரஸ் மரங்கள் ஓங்கி நிற்கும் அந்தப் பகுதிக்குக் காலையில் நாற்காலியும் நிழற்குடையும் எடுத்துக்கொண்டு போய், மாலையில் கூடாரத்துக்குத் திரும்பிவிடலாம். முன்பதிவு செய்யும்போது பூங்காவின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆற்றிலிருந்தும் மழைநீர் ஓடும் பள்ளங்களிலிருந்தும் விலகிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். வறண்டு கிடக்கும் ஓடைப் படுகைதான் மழை நாளில் முதலில் நிரம்புவது. அதன் சமதளமான மணலைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நண்பர் குடும்பம் வேறு பூங்காவுக்கு மாற்ற விரும்பினாலும் இதே கணக்குதான். எடுத்துக்காட்டாக, ஃப்ரியோ ஆற்றின் கரையில் உள்ள கார்னர் மாநிலப் பூங்காவில் சில தங்குமிடங்கள் ஆற்றை ஒட்டியே அமைந்திருக்கின்றன. அங்கே போவதானால் உயரத்தில் உள்ள இடம் எது என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் ஒரு தங்குமிடத்துக்கு எட்டுப் பேர்தான் வரம்பு. உங்கள் இரு குடும்பத்தினரும் சேர்ந்தால் ஒன்பது பேர் ஆவதால், அருகருகே இரண்டு இடங்களைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

இடம் மேட்டில் அமைந்துவிட்டாலும் மழையைக் குறித்த விழிப்பு தளரக் கூடாது. ஆறு கெர்வில், கம்ஃபர்ட் ஆகிய ஊர்களைக் கடந்த பிறகே இந்தப் பூங்காவை அடைகிறது. ஆகவே பூங்காவின் மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மேலேயுள்ள கெர் மாவட்டத்தின் வானிலை முன்னறிவிப்பையும் சேர்த்தே பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை கம்ஃபர்ட்டிலும், பூங்காவுக்கு அருகே உள்ள ஸ்பிரிங் பிராஞ்சிலும் நீர்மட்டம் அளக்கும் நிலையங்களை வைத்திருக்கிறது. அவற்றின் அளவுகளைத் தொலைபேசியிலேயே பார்க்கலாம். கம்ஃபர்ட்டில் நீர் வேகமாக ஏறத் தொடங்கியது என்றால், அது உங்களிடம் வந்து சேர இன்னும் சிறிது நேரம் இருக்கிறது என்று பொருள். பூங்காவின் அருகிலேயே கொட்டும் மழைக்கு அந்த அவகாசமும் கிடைக்காது.

தேசிய வானிலைச் சேவை 'ஃபிளட் வாட்ச்' என்று அறிவித்தால், வெள்ளம் வருவதற்கான சூழல் உருவாகியிருக்கிறது என்று பொருள். புறப்படுவதற்கு முன் அந்த அறிவிப்பு வந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளி வையுங்கள். 'ஃபிளாஷ் ஃபிளட் வார்னிங்' என்பது வெள்ளம் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது என்ற அறிவிப்பு. 2025 ஜூலை 4 அன்று கெர் மாவட்டத்துக்கு அந்த எச்சரிக்கை வந்த நேரம் அதிகாலை 1:14 மணி. அது ஊரே உறங்கும் நேரம். ஆகவே தொலைபேசியின் அவசர அறிவிப்பு ஒலியை அணைத்து வைக்காதீர்கள். மலைப்பகுதியில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், பேட்டரியில் இயங்கும் வானிலை வானொலி ஒன்றை வாங்கி, எச்சரிக்கை வந்தால் தானாக ஒலிக்கும்படி அமைத்து, தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்தே ஏறக்கூடிய மேட்டு வழி எது என்பதை முதல் நாள் வெளிச்சத்திலேயே இரண்டு பிள்ளைகளுக்கும் நடத்திக் காட்டுங்கள். இரவில் வெளியேற நேர்ந்தால் கூடாரத்தையும் பாத்திரங்களையும் விட்டுவிட வேண்டும். சாலையை நீர் மூடியிருந்தால் அதில் காரை இறக்கவே கூடாது. ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரை இழுத்துச் சென்றுவிடும்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வெப்பத்தில் கூடாரத்துக்குள் குழந்தைகளும் முதியவரும் உறங்குவது கடினம். மே, ஜூன் மாதங்களிலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் மழைக்கு வாய்ப்பு அதிகம். 1998இல் இந்த ஆற்றில் பெருவெள்ளம் வந்தது அக்டோபரில்தான். என் தேர்வு, மார்ச் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு வரும் வாரங்கள், அல்லது நவம்பரின் முற்பகுதி. நவம்பரில் ஆற்று நீர் குளிர்ந்திருக்கும். குளிக்க முடியாமல் பிள்ளைகள் கால் நனைப்பதோடு நிற்க வேண்டியிருக்கலாம். பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும் என்பதால், வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து கிளம்பினால் இருட்டில் கூடாரம் அடிக்க நேரிடும். அன்று அரை நாள் விடுப்பு எடுக்கும்படி கணவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் ஆறு அமைதியாக இருக்கும்போதும் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களின் நீச்சல் பகுதிகளில் உயிர்காப்பாளர்கள் இருப்பதில்லை. முழங்கால் ஆழத்திலிருந்து ஓரிரு அடியிலேயே தரை சட்டென்று இறங்கும் இடங்களும், பாசி படிந்த பாறைகளும், நீருக்கடியில் சைப்ரஸ் வேர்களும் உண்டு. ஐந்து வயது மகனுக்குக் கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் போதாது. கடலோரக் காவற்படையின் ஒப்புதல் முத்திரை உள்ள, அவன் எடைக்குப் பொருந்தும் உயிர்காப்புச் சட்டையைக் கரையில் இறங்கும்போதே அணிவித்துவிடுங்கள். பெரியவர்கள் நால்வரும் அரை மணிக்கு ஒருவராக முறை வைத்து, அந்த நேரத்தில் தொலைபேசியைத் தொடாமல், நீரில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோருமே நினைக்கும் நேரத்தில்தான் குழந்தை கண்பார்வையிலிருந்து தவறுகிறது. அத்தை நீரில் இறங்க விரும்பினால் புடவையோடு வேண்டாம். நனைந்த புடவை கனத்து, ஓடும் நீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதாரும், வழுக்காத ரப்பர் அடி கொண்ட செருப்பும் அணிந்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவு நீரில் நிற்கட்டும்.

அவருடைய முழங்காலுக்குத் தரைப்படுக்கை ஒத்துவராது. படுக்கையிலிருந்து எழும் சிரமமே அவருக்கு இரவு முழுவதும் கவலையாகிவிடும். ஒன்றரை அடி உயரமுள்ள மடக்குக் கட்டில் ஒன்றும், உள்ளே நிமிர்ந்து நிற்கும் அளவு உயரமான கூடாரமும், தலையில் மாட்டும் விளக்கும் வாங்குங்கள். கட்டிலின் மேல் மெத்தை விரிப்பு இல்லாவிட்டால் அடியிலிருந்து குளிர் ஏறும். இரவுக் குளிரில் போர்வையைக் காட்டிலும் கீழே விரிப்பதே முக்கியம். கழிப்பறைக்கு அருகிலுள்ள இடத்தைப் பதிவு செய்யுங்கள். இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் கூடாரத்தில் படுக்க மனமில்லை என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். போர்னி என்ற சிற்றூர் பூங்காவிலிருந்து காரில் சென்று வரும் தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு விடுதி அறையில் அவரும் உங்கள் இருவரில் ஒருவரும் தங்கி, காலையில் ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம்.

கடிதத்தின் கடைசியில் சமையல் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டிலாவது அடுப்பும் குழாயும் குளிர்பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பூங்காவில் நீர் பிடிக்கவும் பாத்திரம் கழுவவும் நடக்க வேண்டும். ஒன்பது பேருக்கு மூன்று வேளை சமைத்தால் நீங்கள் ஆற்றைப் பார்க்கவே நேரம் இருக்காது. ஆகவே புறப்படும் முன்பே இரு குடும்பங்களும் உட்கார்ந்து எழுதி வையுங்கள்: முதல் நாள் இரவு உணவு உங்கள் கணவர் பொறுப்பு, மறுநாள் காலை நண்பர் பொறுப்பு என்பது போல. பொறுப்பு என்றால் பொருள் வாங்குவது முதல் பாத்திரம் துலக்குவது வரை எல்லாமும் அடங்கும். உணவும் எளிதாக இருக்கட்டும். புறப்படும் நாளுக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும். அவற்றை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாளுக்கு உப்புமா, ரொட்டி முட்டை, இரவுக்குத் தீ மூட்டும் எரிகலத்தின் கம்பித்தட்டில் சோளமும் மரினேட் செய்த கோழியும் என்று வைத்துக்கொள்ளலாம். தயிரும் பாலும் இறைச்சியும் பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். குடிநீருக்கு வேறொரு பெட்டி வைத்தால், பிள்ளைகள் அடிக்கடி திறந்து உணவுப் பெட்டியின் குளிர் போகாது.

இரட்டை அடுப்புள்ள புரொப்பேன் ஸ்டவ் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். வறட்சிக் காலத்தில் வெளியில் தீ மூட்டத் தடை விதிப்பார்கள். விறகை மட்டும் நம்பிப் போனால் அன்று பட்டினிதான். பூங்காவில் விழுந்து கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கவும் அனுமதி இல்லை. மழை பெய்தாலும் குளிர் அடித்தாலும் ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு போகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறங்குபவர்களை எழுப்பாமலேயே கொன்றுவிடும்.

மற்றவை சிறியவை. ரக்கூன்கள் இரவில் உணவைத் தேடி வரும் என்பதால், சாப்பிடும் பொருள் எல்லாவற்றையும் காருக்குள் பூட்டி வையுங்கள். தேள் உள்ள பகுதி என்பதால் காலையில் செருப்பைத் தட்டிவிட்டு அணியப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. பொது இடத்தில் மது அருந்தவும் அனுமதி இல்லை என்பதை நண்பருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இரவு தங்கும் இடங்களை ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். வார இறுதிகள் விரைவில் நிரம்பிவிடும். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. பதிவு செய்யும் அன்று, வரைபடத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தையும் ஆறு ஓடும் இடத்தையும் அத்தைக்குக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகு பணம் கட்டுங்கள்.