லாயம் கூட்டுவதும் ஒரு பாடமா?

கேள்வி: என்னுடைய 12 வயது மகள் இளையோர் குதிரைச் சங்கம் ஒன்றில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. சவாரி வாரத்துக்கு ஒரு முறைதான். மற்ற நாள்களில் லாயம் கூட்டுதல், குளம்பு சுத்தம் செய்தல், வினாடி வினா என்றே பொழுது போகிறது. இதில் கல்வி என்று சொல்ல என்ன இருக்கிறது?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. கூட்டிப் பெருக்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது என்றால் அது வெறும் கூலியில்லா உழைப்புத்தான். ஆனால், கூட்டும்போது எதைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். இலத்தி வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதும், தொட்டியில் தீவனம் மிஞ்சிக் கிடப்பதும் வயிற்றுவலியின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், வயிற்றுக்கோளாறு விரைவில் அதன் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே, துடைப்பம் பிடித்த பிள்ளைதான் பல நேரங்களில் நோயை முதலில் கண்டுபிடிக்கிறது.

நாடி பார்ப்பதும் அப்படித்தான். தாடையின் அடியில் ஓடும் தமனியை விரல் நுனியால் தேடி, 15 விநாடிகள் எண்ணி, நான்கால் பெருக்க வேண்டும். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு. இதை நாள்தோறும் ஏட்டில் குறித்து வரும் பிள்ளைக்கு, தன் குதிரைக்கு எது இயல்பு, எது மாற்றம் என்று தானாகவே பிடிபட்டுவிடும்.

வினாடி வினாவைவிட நான் உயர்வாக மதிப்பது, அமெரிக்காவின் ஃபோர்-எச் இளையோர் அமைப்பில் நெடுங்காலமாக நடந்துவரும் குதிரை மதிப்பீட்டுப் போட்டியைத்தான். நான்கு குதிரைகளை நிறுத்திவைத்து, உடலமைப்பையும் நடையையும் பார்த்து வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். அதன்பின், முதலிடத்துக்கு வைத்த குதிரை இரண்டாவதைவிட எந்த வகையில் மேல், எந்த வகையில் அதற்குக் கீழ் என்பதை நடுவரின் முன் நின்று ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டும். ‘எனக்குப் பிடித்திருந்தது’ என்ற பதில் அங்கே எடுபடாது. தோளின் சாய்வு, முதுகின் நீளம், கால் எலும்புகள் நேராக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒப்பிட்டாக வேண்டும். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பேச்சுப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிட்டனில் 1929-இல் தொடங்கிய போனி கிளப் என்னும் இளையோர் குதிரைச் சங்கத்தின் படிநிலைத் தேர்வுகளிலும் சவாரியோடு பராமரிப்பும் சேர்ந்தே சோதிக்கப்படுகிறது. ஆகவே உங்கள் மகளின் சங்கம் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

அடுத்த முறை நீங்களும் உடன் சென்று, பிள்ளைகள் எழுதும் ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஓர் ஏடே இல்லையென்றாலோ, தலைக்கவசம் இல்லாமல் பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றுகிறார்கள் என்றாலோ, வேறு சங்கம் தேடுவதே நல்லது.