வாசகர் கேள்வி - பதில்: லொம்பார்டோவின் இனிப்பு இசை

கேள்வி: அமெரிக்காவின் ஸ்விங் காலம் (துள்ளலான ஜாஸ் நடன இசை கோலோச்சிய காலம்) என்றாலே பென்னி குட்மன், டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி என்ற பெயர்கள்தான் வருகின்றன. அதே காலத்தில் கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்ற கை லொம்பார்டோவைப் பற்றி எழுதுபவர்கள் ஓர் ஏளனத்தோடு கடந்துவிடுகிறார்கள். அவருடையதை ‘இனிப்பு’ இசைக்குழு என்று சொல்வது பாராட்டா, பழிப்பா? (ஆர்.வி., திருச்சி)

பதில்: சொல்பவரைப் பொறுத்தது. 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலோமர் நடனக் கூடத்தில் குட்மனுக்குக் கிடைத்த வரவேற்பிலிருந்து ஸ்விங் காலத்தைக் கணக்கிடுவது வழக்கம். அக்காலத்துப் பெரிய வாத்தியக் குழுக்களை மக்கள் ‘சூடானவை’, ‘இனிப்பானவை’ என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சூடான குழுவில் மெட்டு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. தனி வாசிப்புக்கு எழுந்து நிற்கும் கலைஞர் அதைத் தன் கற்பனைப்படி உடைத்துக் கட்டுவார். இனிப்புக் குழுவில் மெட்டை யாரும் தொடக்கூடாது. பாட்டு எழுதப்பட்டபடியே, நடனமாடுபவரின் கால் தடுமாறாத வேகத்தில், மேசையில் அமர்ந்திருப்பவர்களின் பேச்சை மூழ்கடிக்காத அளவு மெதுவாக ஒலிக்க வேண்டும். சாமி கே, ஜான் கார்பர் போன்றவர்கள் இந்த வழியில் நடந்தார்கள் என்றாலும் வழியைப் போட்டவர் லொம்பார்டோ.

இசைக்காரர்களின் கொச்சையில் ‘சோளம்’ என்றால் பட்டிக்காட்டுத்தனமான, புளித்துப்போன வாசிப்பு. ஜாஸ் பத்திரிகைகள் அந்தச் சோளத்துக்கு ராஜாவாக லொம்பார்டோவுக்கு முடிசூட்டி மகிழ்ந்தன. அந்த ஏளனத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அவருடைய இசைத்தட்டுகளைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் கேட்டால் எனக்கும் திகட்டுகிறது. ஆனால் மூன்று நிமிடம் கேட்டால், அந்தச் சாக்ஸபோன்கள் ஒரே மூச்சில் ஒட்டி நகர்வதன் பின்னால் எவ்வளவு கண்டிப்பான பயிற்சி இருக்கிறது என்பது தெரியும்.

கேள்வி: அந்தத் தனித்த ஓசை எப்படி உருவாயிற்று? (மு.செ., தஞ்சாவூர்)

பதில்: வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். லொம்பார்டோ 1902இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள லண்டன் நகரில் பிறந்தவர். தந்தை இத்தாலியிலிருந்து குடியேறிய தையற்காரர், பாட்டில் பிரியமுள்ளவர், பிள்ளைகளை வாத்தியம் படிக்க வைத்தவர். மூத்தவரான லொம்பார்டோவுக்கு வயலின், தம்பி கார்மனுக்குப் புல்லாங்குழல், லெபர்ட்டுக்கு இறுதியில் டிரம்பெட் என்று அமைந்தது. இளையவர் விக்டர் பின்னாளில் சாக்ஸபோனோடு வந்து சேர்ந்தார். (‘கை’ என்பது கெய்டானோ என்ற இத்தாலியப் பெயரின் சுருக்கம். தமிழில் எழுதும்போது அது உடலுறுப்பாகிவிடுவதற்கு நான் பொறுப்பல்ல.)

கார்மன் புல்லாங்குழலை விட்டு ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு மாறியதுதான் திருப்பம். ஒவ்வொரு நீள் ஸ்வரத்தையும் அகலமான நடுக்கத்தோடு இழுக்கும் அவருடைய வாசிப்பை மற்ற சாக்ஸபோன்களும் அப்படியே பின்பற்றின. அந்த நடுக்கம் எல்லாக் கருவியிலும் ஒரே அளவில் இருந்ததால், ஒரே தொண்டையிலிருந்து பலர் பாடுவது போன்ற ஒரு மயக்கம் உண்டாயிற்று. அடித்தளத்துக்கு, மற்ற குழுக்களெல்லாம் நரம்பு பாஸுக்கு மாறிய பிறகும், இவர்கள் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியையே வைத்திருந்தார்கள். கூடவே இரட்டைப் பியானோவும் சேர்ந்துகொண்டது. தலைவரோ வயலினைப் பெயருக்குக் கையில் ஏந்தினாரே தவிர, நாளடைவில் வாசிப்பதையே விட்டுவிட்டார். தன் தம்பி தன்னைவிடப் பெரிய இசைக்கலைஞன் என்று ஒப்புக்கொண்டு முன்வரிசையில் புன்னகையோடு நின்ற அண்ணன் அவர்.

கேள்வி: புகழ் எப்போது வந்தது? (எஸ்.ஜே., நாகர்கோவில்)

பதில்: 1920களின் தொடக்கத்தில் எல்லை தாண்டி ஒஹாயோவின் க்ளீவ்லாந்துக்குப் போய், அங்கே ‘ராயல் கனேடியன்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1924இல் ஜெனட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு முதல் ஒலிப்பதிவு நடந்தது. ஆனால் வாழ்க்கை மாறியது 1927 நவம்பரில், சிகாகோவின் கிரனடா கஃபேயில்தான்.

இரவு விடுதி திறந்து சில நாள்கள், மேசைகள் காலி. லொம்பார்டோ விடுதி முதலாளியிடம் வாதாடி, டபிள்யூ.பி.பி.எம். வானொலி நிலையத்திலிருந்து ஓர் இணைப்புக் கம்பியை இழுக்க வைத்தார். கால் மணி நேர ஒலிபரப்பு என்பதுதான் பேச்சு. அது முடிவதற்குள் நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்து, நிறுத்தாதீர்கள் என்று கேட்டதால் வாசிப்பு நீண்டுகொண்டே போயிற்று. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களே கிளம்பி வந்து, இரவு முடிவதற்குள் அந்தக் காலி விடுதியை நிரப்பினார்கள். வானொலியில் அதிகம் எடுபடுவது உரத்த இசை அல்ல, ஒலிவாங்கிக்கு அருகில் மெதுவாக வாசிக்கும் இசைதான் என்பதை அவ்வளவு விரைவில் கண்டுகொண்ட குழு வேறு இல்லை என்பேன். ‘சொர்க்கத்துக்கு இப்புறம் உள்ள இசைகளிலேயே இனியது’ என்ற விளம்பர வாசகமும் ஒரு சிகாகோ விமர்சகரின் வாயிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு லொம்பார்டோவைப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டேன். நம்ப முடியவில்லையே! (கே.பி., கோயம்புத்தூர்)

பதில்: ஜாஸ் ரசிகர்கள் பலருக்கும் இது தொண்டையில் சிக்கிய முள். 1920களின் இறுதியில் சிகாகோவிலிருந்த ஆம்ஸ்ட்ராங், லொம்பார்டோவின் ஒலிபரப்பை விடாமல் கேட்டவர். கடைசிவரை அந்த விருப்பத்தை மறைத்ததே இல்லை. 1929இல் அவர் பதிவு செய்த ‘வென் யூ’ர் ஸ்மைலிங்’ பாட்டில் பின்னணிச் சாக்ஸபோன்கள் லொம்பார்டோவின் பாணியிலேயே குழைகின்றன. அதன்மேல் அவருடைய டிரம்பெட் எழும்போதுதான் அவர் ஏன் அந்த மெத்தையை விரும்பினார் என்பது புரிகிறது. கார்மன் மெட்டமைத்த ‘ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆன் பரேட்’ பாட்டையும் 1930இல் பதிவு செய்தார். 1949இல் ஒரு பத்திரிகை, யாருடைய இசை என்று சொல்லாமல் தட்டுகளைப் போட்டு மதிப்பெண் கேட்டபோது, லொம்பார்டோவின் தட்டுக்கு அளவுகோலின் உச்சத்தையும் மீறி எட்டு நட்சத்திரம் கொடுத்தார். மெட்டைச் சிதைக்காமல் பாடிக்காட்டுவது எவ்வளவு கடினம் என்பது அவருக்குத் தெரியும்; அதை அறியாதவர்கள்தான் முகம் சுளித்தார்கள்.

கேள்வி: ஸ்விங் காலம் முடிந்த பிறகும் அவர் எப்படி நிலைத்தார்? (என்.ஏ., மதுரை)

பதில்: போருக்குப் பின் பெரிய குழுவைக் கட்டிக் காக்கும் செலவு தாங்கவில்லை. 1946 டிசம்பரில் மட்டும் குட்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி, உட்டி ஹெர்மன் உள்ளிட்ட பலர் குழுக்களைக் கலைத்தார்கள். லொம்பார்டோ கலைக்கவில்லை. 1950இல் ‘தி தர்ட் மேன்’ படத்தின் மெட்டை வாசித்து, விற்பனைப் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தார். இதற்கிடையில் அதிவேக விசைப்படகுப் பந்தயத்திலும் இறங்கி, 1946இல் தங்கக் கோப்பையை வென்றிருந்தார். 1954 முதல் நியூயார்க் அருகே ஜோன்ஸ் பீச் கடலோர அரங்கில் இசை நாடகங்களையும் நடத்தினார்.

ஆனால் அவரை நிலைநிறுத்தியது ஆண்டின் கடைசி இரவு. 1929 அக்டோபரில், பங்குச் சந்தை சரிவதற்குச் சில வாரங்கள் முன்பு, நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் அவர் வாசிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று, நள்ளிரவு வரை ஒரு வானொலி நிறுவனத்துக்கும் அதற்குப் பின் இன்னொன்றுக்கும் வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் இடையே, ஒன்டாரியோவின் ஸ்காட்லாந்துக் குடியேறிகளிடம் சிறுவயதில் கேட்டுப் பழகிய ‘ஆல்ட் லாங் சைன்’ என்ற பழைய நட்பை நினைவுகூரும் ஸ்காட்லாந்துப் பாட்டை வைத்தார். இடைவெளியை நிரப்ப வந்த பாட்டு வழக்கமாகிவிட்டது. ரூஸ்வெல்ட்டிலிருந்து வால்டார்ஃப் அஸ்டோரியாவுக்கும், வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கும் இடம் மாறினாலும், நள்ளிரவில் அந்தப் பாட்டு மாறவில்லை. 1971இல் கார்மன் இறந்தார். 1976 டிசம்பர் 31 அன்றும் அண்ணன் மேடையில் நின்றார். 1977 நவம்பர் 5ஆம் தேதி ஹூஸ்டனில் காலமானார். புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒளிப்பந்து இறங்கி முடிந்தவுடன் இன்றும் ஒலிப்பது அவருடைய பழைய ஒலிப்பதிவுதான். கீழே நின்று கட்டித் தழுவிக்கொள்ளும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு வாசிப்பவர் பெயர் தெரியாது.