முதல் எண் மட்டும் நகராதது ஏன்?

கேள்வி: எங்கள் அல்காரிதம் பாடத்துக்குக் கார்மென், லைசர்சன், ரிவெஸ்ட், ஸ்டைன் எழுதிய புத்தகம்தான். அதிலுள்ள இன்செர்ஷன் சார்ட்டை (ஒவ்வொரு எண்ணாக எடுத்து, இடப்பக்கம் வரிசையாக உள்ளவற்றுக்குள் அதற்குரிய இடத்தில் செருகும் முறை) அப்படியே சி மொழியில் எழுதினேன். குப்பை எண் ஒன்று வந்ததால், வெளி லூப்பை ஜே < என் என்று மாற்றினேன் (ஜே எடுக்கும் எண்ணின் இடம், என் மொத்த எண்ணிக்கை). இப்போது ஈரோட்டு மஞ்சள் விலை போல 14, 9, 12, 7 (ஆயிரத்தில்) கொடுத்தால் 14, 7, 9, 12 என்று வருகிறது. எங்கே தவறு?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: புத்தகத்தில் அரேயின் முதல் இடம் 1, சி-யில் 0. நீங்கள் ஒரு முனையை மட்டும் சரிசெய்திருக்கிறீர்கள். ஜே இன்னும் 2-இல் தொடங்குகிறது, உள் லூப், ஒப்பிடும் இடமான ஐ > 0 என்பதோடு நின்றுவிடுகிறது. ஆகவே 0-ஆம் இடத்து 14-ஐ யாரும் தொடவே இல்லை. முதல் எண்ணே எல்லாவற்றிலும் சிறியதாக இருந்திருந்தால் விடை சரியாக வந்து, பிழை மறைந்தே போயிருக்கும்.

ஜே = 1 என்று தொடங்கி, உள் நிபந்தனையை ஐ >= 0 ஆக்குங்கள். அதை எண்களின் ஒப்பீட்டுக்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால் -1-ஆம் இடத்தைப் படிக்கப் போகும். ஐ-யை அன்சைன்ட் (குறை எண் ஏற்காத வகை) ஆக அறிவிக்காதீர்கள். அது எப்போதும் 0-க்குக் குறையாது, நிபந்தனை பொய்யாகவே ஆகாது.

அந்தப் பக்கத்திலேயே லூப் இன்வேரியன்ட் என்றொரு பகுதி இருக்கிறது. தேர்வுக்கு வராது என்று பலரும் தாண்டிவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் தொடங்குமுன் ஜே-க்கு இடப்பக்கம் உள்ளவை வரிசையில் இருக்க வேண்டும் என்கிறது அது. புத்தகத்தின் கணக்கில் ஜே = 2 என்றால் இடப்பக்கம் ஒரே எண், தானாகவே வரிசை. உங்கள் நிரலில் இடப்பக்கம் 14, 9. முதல் சுற்றுக்கு முன்பே உடைந்துவிட்டது! தாளில் இந்த ஒரு வரியைச் சோதித்திருந்தாலே பிழை அகப்பட்டிருக்கும்.

வெளி லூப்பில் ஜே இருப்பதால் உங்களிடம் உள்ளது 2009-இன் மூன்றாம் பதிப்போ அதற்கு முந்தையதோ. 2022-இன் நான்காம் பதிப்பில் ஐ வெளியே, ஜே உள்ளே. தோழியின் பிரதியோடு கலந்து எழுத வேண்டாம்.

ஹீப் (அரேயில் வைக்கும் மர அமைப்பு) பாடத்தில் ஐ-ஆம் இடத்தின் பிள்ளைகள் 2ஐ, 2ஐ+1 இடங்களில் இருக்கும். அங்கே 0-க்கு மாற்றவே வேண்டாம். என்+1 இடம் ஒதுக்கி, 0-ஆம் இடத்தைக் காலியாக விட்டு, புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.