பழைய டெஸ்க்டாப்: எஸ்எஸ்டி போதுமா, புதிதே வாங்கிவிடலாமா?

கேள்வி: 2014-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். இன்டெல் ஐ3 4130, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கடைக் கணக்கை டாலியில் போடுகிறேன், ஜிஎஸ்டி ரிட்டர்னும் இதிலேயேதான். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. மதர்போர்டையும் பிராசஸரையும் மாற்றச் சொல்கிறார் சர்வீஸ்காரர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பது டிடிஆர்3 ரேம். இன்றைய போர்டுகளில் அது உட்காராது, எனவே ரேமும் மாறும். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, புது போர்டுக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. கடைசியில் கேபினெட்டும் மானிட்டரும்தான் மிஞ்சும்.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள். ஆன் செய்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்க, சிபியு 20, 30-ஐத் தாண்டவில்லையா? பிராசஸர் மேல் குற்றமில்லை. ஹார்ட் டிஸ்க்கின் முனை, சுழலும் தட்டின் மேல் அங்கும் இங்கும் ஓடித் தேடுவதிலேயே நேரம் போகிறது. போதாக்குறைக்கு, 4 ஜிபி ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தையும் அதே டிஸ்க்கில்தான் எழுதி வைக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் ஓடித் தேடும் பாகமே இல்லை. 250 ஜிபி அளவில் 2.5 இஞ்ச் சாட்டா வகை போதும். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகையை வாங்கிவிடாதீர்கள், உங்கள் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலும் அதற்கு இடம் கிடையாது.

காசு போடுமுன் கேபினெட்டைத் திறந்து, பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். உப்பியிருந்தால் இந்த மிஷினில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். தேதி மட்டும் மாறிப்போகிறது என்றால் பயமில்லை, போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் சரி.

வேகம் இப்படித் தீர்ந்துவிடும். பாதுகாப்பு தீராது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறையாவது வேண்டும், உங்களுடையது 4. குறுக்குவழியில் 11 போட்டுத் தருகிறேன் என்பார்கள். பண விவகாரம் நடக்கும் மிஷினில் அதைச் செய்ய மாட்டேன். லினக்ஸ் நல்ல வழிதான், ஆனால் டாலி அதில் நேரடியாக ஓடாது.

ஆக, இப்போது எஸ்எஸ்டி மட்டும் போட்டு நாட்களை ஓட்டுங்கள். கூடுதல் ரேமுக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம்; டிடிஆர்3 ரேம் அடுத்த மிஷினுக்கு உதவாது, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் பார்க்கலாம். அப்புறம், சீக்கிரமே 8-ம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட டெஸ்க்டாப் ஒன்றுக்கு மாறுங்கள். ஆபீஸ்களில் கழித்தவை சென்னை ரிச்சி தெருவில் நிறைய வரும். எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டி, விண்டோஸை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய கணக்கு அதில்தான் இருக்கிறது; ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.