காமிக்ஸ் தொடரில் விடுபட்ட பழைய இதழ்களை எப்படித் தேடிப் பிடிப்பது?

முதல் இதழ்தான் கிடைக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் படுத்துவது கடைசி இதழ்கள்தான். விற்பனை சரிந்த தொடருக்குக் கடைக்காரர்கள் ஆர்டரைக் குறைப்பார்கள், அச்சும் குறையும், அப்புறம் தொடரே நின்றுவிடும். அவை கண்ணில் பட்டால் யோசிக்காதீர்கள்.

தேடும் பட்டியலில் எண்ணோடு வெளிவந்த ஆண்டையும் எழுதுங்கள். ஒரே தலைப்பு மறுபடி 1-லிருந்து தொடங்குவது சகஜம். கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணையதளத்தில் சரிபார்க்கலாம், இலவசம்தான்.

ஒவ்வொன்றாக வாங்குவதைவிட, யாராவது மொத்தமாக விற்கும் கட்டை எடுத்து, மிச்சத்தை மற்ற சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்வதே லாபம் என்பேன்.

காசு கொடுக்குமுன் பக்கங்களை எண்ணுங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றிருக்கலாம், கூப்பனை யாரோ வெட்டியிருக்கலாம். 1974-ல் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெல், வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டும் முத்திரைகளை அச்சிட்டது. அந்த ஆண்டு வந்த ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181-இல்தான் வால்வரின் என்ற புகழ்பெற்ற சூப்பர் ஹீரோ முதன்முறையாக முழுமையாகத் தோன்றினார். அதில் முத்திரை போன பிரதி என்றால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். (அன்று கத்தரிக்கோல் எடுத்த சிறுவர்களைக் குறை சொல்லவும் முடியாது!) தொலைவிலிருந்து வாங்கினால், அட்டைப்படம் போதாது, கடிதப் பக்கத்தையும் நடுத்தாளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.