ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள்: திட உணவு பற்றிய கேள்விகள்

கேள்வி: மகளுக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. நாங்கள் சாப்பிடும்போது தட்டையே வெறித்துப் பார்க்கிறாள், எச்சில் வடிக்கிறாள். ஊட்ட ஆரம்பிக்கலாமா?

பதில்: இந்த வயதில் அவள் மின்விசிறியையும் அப்படித்தான் பார்ப்பாள். எச்சில் வடிவது பசியின் அடையாளம் இல்லை. ஆறு மாதம் முடியும்வரை, அதாவது 180 நாள், தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குப் பிறகும் மூன்றைக் கவனியுங்கள். தலை ஆடாமல் நிற்க வேண்டும், பிடித்து உட்காரவைத்தால் சரியாமல் இருக்க வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளக் கூடாது. தள்ளினால் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். பால் குடிக்கும் வயதுக்கான அனிச்சைச் செயல் அது, இன்னும் மறையவில்லை. சில நாள் கழித்து மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவன். எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது?

பதில்: இதை அவனைப் பார்க்கும் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். குறைமாதக் குழந்தைகளிடம் இரும்புச் சேமிப்பு குறைவு.

கேள்வி: ஏழு மாதம். கஞ்சியை நன்றாக நீர்க்கவைத்து பாட்டிலில் கொடுக்கிறோம். மூன்று வேளையும் குடிக்கிறான், ஆனால் எடை ஏறவில்லை.

பதில்: வந்த கேள்விகளில் எனக்குக் கவலை தந்தது இதுதான். இந்த வயதில் வயிறு ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி அளவுதான் கொள்ளும். ஏழு கிலோ குழந்தை என்றால் சுமார் 200 மில்லி. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? பால் குடிப்பதும் குறைந்துவிடும்.

பாட்டிலை விட்டுவிட்டு ஸ்பூனுக்கு வாருங்கள். உணவை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, நிற்க வேண்டும். அதில் கொஞ்சம் எண்ணெயோ வெண்ணெயோ சேருங்கள். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூனில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை போகலாம். எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை போதும். தாய்ப்பால் தொடரட்டும்.

வெறும் கஞ்சியில் இன்னொரு குறையும் உண்டு. பிறக்கும்போது சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும், தாய்ப்பாலிலும் அது குறைவுதான். 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளைக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. வளர்ந்த ஆணுக்கு அதே பரிந்துரை 8 தான்! ஆகவே மசித்த பருப்பு, முட்டை, இறைச்சி, மீன் என்று முதல் வாரங்களிலேயே வரட்டும். கூடவே கொஞ்சம் பழம் கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் சி, பருப்பின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவும். எடை விஷயத்தை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அலர்ஜி வரும், முட்டையும் வேர்க்கடலையும் ஒரு வயதுக்குப் பிறகுதான் என்கிறார் அம்மா.

பதில்: அம்மாவைக் குறை சொல்ல முடியாது. முன்பு மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். 2015இல் வெளியான லீப் ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், சீக்கிரமே வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் அந்த அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. முழுக் கடலை மட்டும் கூடவே கூடாது, மூச்சை அடைக்கும். நைசாக அரைத்த விழுதைக் கரைத்துக் கொடுங்கள். புதிதாக ஒன்றைத் தரும்போது அதைப் பகலில், கொஞ்சமாகத் தந்து கவனியுங்கள். எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் ஓங்கரிக்கிறான். பயந்து மறுபடி மிக்ஸியில் அடித்துவிடுகிறேன்.

பதில்: ஓங்கரிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், பிறகு தானே சமாளித்துக்கொள்ளும். மூச்சடைத்தால் சத்தமே வராது, உதடு நீலமாகும். அப்போது முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ, முதுகில் 5 தட்டு. பலனில்லை என்றால் திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்தம். சரியாகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே உதவிக்கு அழையுங்கள். ஒரு வயதுக்குள் வயிற்றை அமுக்கக் கூடாது. மிக்ஸியை மெல்லக் குறையுங்கள். ஒன்பது மாதத்துக்குள் சிறு கட்டிகள் பழகாவிட்டால் பின்னால் ஊட்டுவது இன்னும் கஷ்டம்.

கேள்வி: தேன், உப்பு, பசும்பால்?

பதில்: தேன் ஒரு வயது வரை ஒரு துளியும் வேண்டாம், பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய்க்கான கிருமி வித்துகள் அதில் இருக்கலாம். உப்பும் சர்க்கரையும் தேவையே இல்லை. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகு.

கேள்வி: பூசணிக்காயைத் துப்பிவிட்டாள். இனி கொடுக்க வேண்டாமா?

பதில்: ஒரே முறைதானே? எட்டு, பத்து முறை கொடுத்த பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. வாயை மூடி முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது, வற்புறுத்த வேண்டாம். மிச்சத்தை நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள், உப்பில்லாத பூசணிக்காய்க்கு முகம் எப்படிப் போகும் என்று தெரியும்.