எடை குறைக்கும்போது வாரத்தில் ஒரு நாள் இஷ்டப்படி சாப்பிடலாமா? – ஒரு நாள் வேண்டாம், ஒரு வேளை சாப்பிடுங்கள்

நாலு வாரமாக டயட்டில் இருப்பதாகவும், வாரம் ஒரு நாள் 'சீட் டே' வைத்து இஷ்டப்படி சாப்பிட்டால் மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியை எரிக்கிற வேகம், ஏறும் என்று ஜிம்மில் சொன்னதாகவும் கேட்டிருக்கிறீர்கள். வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, மெஸ்ஸிலோ ஓட்டலிலோ சாப்பிடுகிறவர் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை ராத்திரியே மறுநாள் என்ன சாப்பிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எதையும் மாற்ற வேண்டாம், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தானியத்தையே விலக்குகிற பேலியோ டயட்டில் இருப்பவர்கள் சோறு என்ற வார்த்தையைப் பார்த்ததும் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அந்த முறையில் குறைத்தவர்கள் என் அலுவலகத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். என்னால் முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு 38 வயது, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். எடை 96 கிலோவில் இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 6.3 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய். அப்பா சர்க்கரையில்தான் போனார். கடைசி இரண்டு வருடம் அவருடைய கால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியது நான். அதனால் ரிப்போர்ட் வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். காலையில் அறையிலேயே அவித்த முட்டையும் சுண்டலும். மத்தியானம் மெஸ்ஸில் ஒரு தடவை மட்டும் சோறு, பொரியல் மூன்று தடவை. ராத்திரி இரண்டு சப்பாத்தி. இரண்டு மாதத்தில் நாலு கிலோ இறங்கியது.

அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் விருதுநகருக்குப் போய்வந்தேன். அங்கே அம்மா தனியாக இருக்கிறாள். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறிதான். அம்மா காலை ஆறு மணிக்கே கடைக்குப் போய், முன்னங்காலும் நெஞ்செலும்பும் கேட்டு வாங்கி வருவாள். மிக்ஸி இருந்தாலும் சோம்பும் சின்ன வெங்காயமும் அம்மியில்தான் அரைபடும். குழம்பு கொதிக்கும்போதே ஈரலை மட்டும் தனியாக எடுத்து, இருப்புக் கரண்டியில் நல்லெண்ணெயும் மிளகும் போட்டு வறுத்து, அடுப்படியில் நிற்கிறவன் உள்ளங்கையில் வைப்பாள். சுடச்சுட இருக்கும். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி ஊதி ஊதித் தின்ன வேண்டும். அப்பா இருந்தவரை அவருக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு.

டயட்டில் இறங்கிய பிறகு டப்பாவில் முட்டை வெள்ளைக்கருவும் வெள்ளரிக்காயும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் வாரம் அம்மா வைத்த குழம்பை நான் தொடவில்லை. இரண்டாவது வாரமும் தொடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை போனில், "ஏய்யா, நாளைக்குக் கறி எடுக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, நான் சாப்பிடப் போறதில்ல" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் கேட்கவில்லை. நான் போகும்போது ரசம் வைத்திருப்பாள், அப்பளம் பொரித்திருப்பாள். எடை இறங்குகிற சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அப்புறம்தான் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கிருந்த மாஸ்டர், "ரொம்ப இறுக்கிப் பிடிக்காதீங்க சார், வாரம் ஒரு நாள் ஃப்ரீயா விடுங்க, உடம்பு ஷாக் ஆகி இன்னும் வேகமா குறையும்" என்றார். நம்பினேன். அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அந்த ஞாயிறுகள் எப்படி இருந்தன என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். காலையில் பொங்கலும் வடையும், கூடவே ஒரு செட் பூரி. மத்தியானம் ஜிம் நண்பர்களோடு மட்டன் பிரியாணி, சுக்கா. நாலு மணிக்கு ஜிகர்தண்டா. சாயங்காலம் பஜ்ஜி. ராத்திரி கறிதோசை, அதற்கு மேல் ஒரு கொத்து பரோட்டா. பசித்துச் சாப்பிட்டது காலையில் மட்டும்தான். மற்றதெல்லாம், நாளை முடிந்துவிடுமே, திங்கட்கிழமை வந்துவிடுமே என்று உள்ளே தள்ளியது. ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு கல்லாக இருக்கும், இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அப்போதும் பன்னிரண்டு அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்ற நினைப்பு வரும்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். என் உடம்புக்கு ஒரு நாளைக்குச் செலவாவது சுமார் 2,300 கலோரி. கிழமை நாட்களில் நான் சாப்பிட்டது 1,700. ஆறு நாளில் மிச்சம் 3,600. ஞாயிறு ஒரு நாளில் உள்ளே போனது, குறைத்துப் போட்டாலும், 5,500. அதாவது அன்று கூடுதல் 3,200. வாரத்துக்கு நிகர மிச்சம் 400 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்தால், ஆறு நாள் வாயைக் கட்டியதற்கு எனக்குக் கிடைத்தது 50 கிராம். அதேபோல்தான் நடந்தது. பதினோரு வாரத்தில் அரை கிலோ, அவ்வளவே.

பரோட்டாவை நான் குறை சொல்லவில்லை. விருதுநகர்க்காரன், எண்ணெய்ப் பரோட்டாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு சாதாரணப் பரோட்டா 250-லிருந்து 300 கலோரி வரும், பொரித்தது இன்னும் கூட. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்பதுதான் விஷயம். சோற்றையும் மாவையும் விட இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் ஓட்டலில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டால், நமக்கே தெரியாமல் அந்த எண் ஏறிவிடுகிறது.

மெட்டபாலிசம் ஏறும் என்று உங்களிடம் சொன்னது பற்றி. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நானும் தேடிப் படித்தேன். டாஸ்மேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தலைமையில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. உடல் பருமன் உள்ள 51 ஆண்கள். ஒரு குழு 16 வாரம் தொடர்ந்து டயட் இருந்தது. இன்னொரு குழு அதே 16 வாரத்தை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்து, நடுவில் இரண்டிரண்டு வாரம் இடைவெளி விட்டது. விட்டு விட்டு இருந்தவர்களுக்குத்தான் எடை அதிகம் குறைந்தது. இதைக் காட்டித்தான் சிலர் சீட் டேயை நியாயப்படுத்துகிறார்கள். ஆனால் அந்த இடைவெளி வாரங்களில் அவர்கள் சாப்பிட்டது, எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கிற அளவுக்கு எண்ணிப் போட்ட உணவு. ஒரே நாளில் 5,500 கலோரி சாப்பிடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எனக்கு உறைத்தது வேறொன்று. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-இல், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார். ஆறு மாதம் அவர்களுடைய சாப்பாட்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆகி, சமையல் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படித்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்தபோது, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தவித்தவர்களும் இருந்தார்கள். இதைப் படித்தது, நான் ராத்திரி ஒரு மணி வரை போனில் பரோட்டா அடிக்கிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில். படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு மனஉறுதி இல்லை என்று அதுவரை என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நீங்களும் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எடை குறைக்க நட, நட என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். எங்கே நடப்பது? நான் இருக்கிற பகுதியில் ஒரு பூங்கா இருக்கிறது. நடைபாதை போட்டு, கல் பெஞ்சு வைத்து, திறப்பு விழாவும் நடந்தது. காலை எட்டு மணிக்குப் பூட்டுவார்கள். சாயங்காலம் திறந்தால் விளக்கு எரியாது. மனு கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் அதிகாலை இருட்டில் லாரி போகிற ரோட்டோரம் கையில் டார்ச்சோடு நடக்கிறார்கள். பூட்டிய கேட்டைத் தாண்டித்தான் தினமும் அவர்கள் போக வேண்டும். ஜிம்முக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கட்ட முடிந்தவனுக்குத்தான் ஆரோக்கியம் என்று ஆகிவிட்டதே என்று வயிற்றெரிச்சலாக இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பதினோரு வாரமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விருதுநகர் போகவில்லை. மதுரையிலேயே நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு மதினி போன் பண்ணினார். "தம்பி, அத்தை கறி எடுத்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. கேட்டா, ஒருத்திக்கு எதுக்கு அடுப்ப மூட்டிக்கிட்டுங்கிறாங்க. கஞ்சியும் துவையலுமா இருக்காங்க" என்றார்.

நான் ஊரெல்லாம் சுற்றி பிரியாணி தின்ற அதே ஞாயிறுகளில் அம்மா கஞ்சி குடித்திருக்கிறாள். டயட் என்று சொல்லி அவள் குழம்பை வேண்டாம் என்றவன், சீட் டே என்று சொல்லி யாரோ வைத்த குழம்பைத் தின்றிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தப் பெயரே அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. சீட் என்றால் ஏமாற்றுவது. பெற்றவள் வைத்த கறிக்குழம்பைச் சாப்பிடுவது எந்தக் கணக்கில் ஏமாற்று?

அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போனேன். கடைக்கு நானே போய் கறி எடுத்து வந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அம்மியைக் கழுவினாள்.

அன்றிலிருந்து என் முறை இதுதான். ஞாயிறு காலை இரண்டு இட்லி. மத்தியானம் அம்மா வைப்பதை, அம்மா பரிமாறுகிற அளவுக்கு, அளக்காமல் சாப்பிடுவேன். சோறு, குழம்பு, நாலைந்து துண்டு கறி, ரசம், மோர். ராத்திரி பசித்தால் ஒரு தோசை, இல்லாவிட்டால் ஒரு டம்ளர் மோர். ஓட்டல் கிடையாது, பொட்டலம் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்றைய மொத்தம் 2,000-ஐத் தாண்டுவதில்லை. விருந்து சாப்பிட்ட நாளிலும் செலவுக்குள்தான் நிற்கிறேன். அதை விட முக்கியமாக, சனிக்கிழமை ராத்திரிப் பரபரப்பு போய்விட்டது. அடுத்த வாரமும் அதே குழம்பு உண்டு என்று தெரிந்தால், இன்றைக்கே எல்லாவற்றையும் தின்று தீர்க்கத் தோன்றுவதில்லை. எட்டு மாதத்தில் 91.5-லிருந்து 81-க்கு வந்திருக்கிறேன். எச்பிஏ1சி 5.6.

சைவம் சாப்பிடுகிறவர்கள், உனக்குக் கறி, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். என் அலுவலகத் தோழி ஒருவர் ஞாயிறு மத்தியானம் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் பாயசமும் வைத்துக் குடும்பத்தோடு சாப்பிடுகிறார். அவரும் குறைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலும் புரட்டாசியில் கறி கிடையாது, அந்த மாதம் அம்மா பருப்புக் குழம்பும் வடையும் வைப்பாள்.

உங்களுக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை, அறை நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனியாக, போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாதீர்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் ரொம்பவும் அளவு மீறியது ராத்திரி அப்படித் தனியாகச் சாப்பிட்டபோதுதான். ஒரு வேளை என்று ஆரம்பித்தும் நிறுத்த முடியவில்லை, ஒளிந்து சாப்பிடத் தோன்றுகிறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்றால் அது டயட் விஷயம் இல்லை. தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, திங்கட்கிழமை காலையில் எடை மிஷின் பக்கம் போகாதீர்கள். சோறும் உப்பும் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கும், அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீராவது சேரும். ஒரே ராத்திரியில் ஒன்றரை கிலோ ஏறியதாகக் காட்டும், அது கொழுப்பு இல்லை. நான் அதைப் பார்த்துப் பயந்து திங்களும் செவ்வாயும் பட்டினி கிடந்திருக்கிறேன். அந்தப் பட்டினிதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தது. வியாழக்கிழமை காலையில், வெறும் வயிற்றில் ஏறி நின்று பாருங்கள்.